ஒற்றைக் கண் ஆட்டுக்குட்டியும் ஆறாத மூக்குப் புண்ணும்

2013 நவம்பரில் ஹ்யூ ஜாக்மேன், அதாங்க 'எக்ஸ்-மென்' படத்துல விரலிடுக்குலேர்ந்து கத்தி கத்தியா நீளுமே அந்த வுல்வரின், மூக்கு மேல பிளாஸ்திரி ஒட்டின தன் போட்டோ ஒண்ணை இன்ஸ்டாகிராமில் போட்டார். மூக்கில் இருந்த சின்ன அடையாளத்தை டாக்டரிடம் காட்டச் சொல்லி மனைவி சொன்னாராம். போய்ப் பார்த்தால் பேசல் செல் கார்சினோமா. அதற்கப்புறமும் சில தடவை இதே சமாச்சாரத்தை வெட்டி எடுத்திருக்கிறார்கள். எனக்கு அந்தப் போட்டோவைப் பார்த்ததும் தோணினது இதுதான்: சினிமாவில் குண்டு பாய்ஞ்சாலும் பத்து செகண்டில் தோல் தானா மூடிக்கிற ஆளுக்கு, நிஜத்தில் வந்தது ஆறவே ஆறாத ஒரு புண்!

அந்தப் புண்ணோட வரலாறுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீயோ காபியோ கையில வச்சுக்கிட்டு உட்காருங்க.

முதல்ல ஆள் யாருன்னு பார்த்துடுவோம். நம்ம மேல்தோல் செங்கல் அடுக்கின மாதிரி பல வரிசை செல்களால ஆனது. அதில் ஆகக் கீழ்வரிசைக்குப் பேர் பேசல் அடுக்கு. புதுத் தோல் உற்பத்தி ஆகிறது அங்கேதான். அந்த அடுக்கின் செல்கள் மாதிரியே இருக்கும் செல்கள் கட்டுப்பாடு இல்லாமல் பெருகினால் அது பேசல் செல் கார்சினோமா. மனுஷனுக்கு வரும் கேன்சர்களிலேயே அதிகமாக வருவது இதுதான், முக்கியமாக வெள்ளைத் தோல்காரர்களுக்கு. அமெரிக்காவில் மட்டும் வருஷத்துக்கு 30 லட்சத்துக்கும் மேல் கண்டுபிடிக்கப்படுகிறது என்று மதிப்பீடு. ஆனா பாருங்க, பல நாடுகளின் கேன்சர் கணக்கெடுப்பில் இதைச் சேர்ப்பதே இல்லை. ஏன்னா இது ஆளைக் கொல்வது மிக மிக அரிது. நுரையீரலுக்கோ எலும்புக்கோ தாவுவதும் அதே மாதிரி அபூர்வம்.

அப்ப என்னதான் செய்யும்? தின்னும். இருந்த இடத்திலேயே, அவசரமே இல்லாமல், வருஷக்கணக்கில். இது பெரும்பாலும் வருவது முகத்தில். மூக்கு நுனி, கண் இமை ஓரம், காது. தொடையில் ரெண்டு சென்டிமீட்டர் போனால் ஒரு தழும்பு, அவ்வளவுதான். மூக்கில் ரெண்டு சென்டிமீட்டர் போனால் மூக்கே போச்சு. அதனால இந்த நோய்க்கு வைத்தியம் பார்த்தவர்கள் எல்லாரும் கடைசியில் ஒரே கேள்வியில்தான் வந்து முட்டிக்கொண்டார்கள்: இந்தக் கட்டி எங்கே முடியுது? ஒரு மில்லிமீட்டர் குறைவா வெட்டினா திரும்ப வரும். அதிகமா வெட்டினா கண் இமை போயிடும்.

*

கதை ஆரம்பிப்பது அயர்லாந்தின் டப்ளினில். ஆர்தர் ஜேக்கப் என்று ஒரு கண் டாக்டர். ஆள் கொஞ்சம் பிடிவாதக்காரர் போல. எடின்பரோவில் டாக்டர் பட்டம் வாங்கின கையோடு கால்நடையாகவே கிளம்பி, இடையில் கடலுக்கு மட்டும் கப்பல் ஏறி, பாரிஸ் வரைக்கும் நடந்தே போனவர். விழித்திரையில் ஒரு அடுக்கைக் கண்டுபிடித்து 1819ல் எழுதினார், அதுக்கு அவர் பேரையே வச்சாங்க. 1827ல் டப்ளின் மருத்துவமனை அறிக்கைகளில் இன்னொரு கட்டுரை எழுதினார். கண் இமையிலும் முகத்திலும் வரும் 'விசித்திரமான' ஒரு புண்ணைப் பற்றி.

அவருக்கு ஏன் விசித்திரமாகப் பட்டது? ரொம்ப மெதுவாகப் பரவுது. வலி அவ்வளவாக இல்லை. பக்கத்தில் இருக்கும் நெறிக்கட்டுகள் வீங்குவதில்லை. சாதாரணமாக கேன்சர் என்றால் முதலில் நெறிக்கட்டும், அப்புறம் உடம்பு இளைக்கும், அப்புறம் ஆள் போயிடுவார். இங்கே அது எதுவுமே நடக்கவில்லை. ஆனால் புண் ஆறவும் இல்லை. முழுசாக வெட்டி எடுத்தால் ஒழிய இது போகாது என்று எழுதினார் ஜேக்கப். மயக்க மருந்து புழக்கத்துக்கு வர இன்னும் இருபது வருஷம் இருந்த காலம் அது. கண் இமையை வெட்டுறதை யோசிச்சுப் பாருங்க. மைக்ராஸ்கோப் வைத்து தசைத் துணுக்கைப் பார்க்கும் பழக்கமும் அப்போது வரவில்லை. வெறும் கண்ணால் பார்த்து, நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து எழுதின அந்தக் குறிப்பு இன்னைக்கும் அப்படியே பொருந்துது.

கொஞ்ச காலம் இதை 'ஜேக்கப் புண்' என்று சொன்னார்கள். அப்புறம் இங்கிலாந்தில் 'ரோடன்ட் அல்சர்' என்ற பேர் நிலைச்சுப் போச்சு. (எலிக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. லத்தீனில் கொறிப்பது என்று பொருள் வரும் சொல்லிலிருந்து வந்தது. எலிக்கும் பேர் அங்கேர்ந்துதான் வந்தது, அவ்வளவுதான்.) இது கேன்சரா இல்லையா என்பதில் ரொம்ப நாள் சண்டை. 1903ல் புடாபெஸ்ட்டில் எட்மண்ட் க்ரோம்பெக்கர் என்ற நோய்க்கூறு நிபுணர், மைக்ராஸ்கோப்பில் இந்தச் செல்கள் பேசல் அடுக்குச் செல்கள் மாதிரியே இருக்கின்றன என்று ஒரு புத்தகமே எழுதினார். இன்றைய பேர் அங்கிருந்து வந்ததுதான்.

காரணம் வெயில்தான் என்பதும் ஏறக்குறைய அதே சமயத்தில் புரிபட ஆரம்பித்தது. ஜெர்மனியில் உன்னா என்ற தோல் டாக்டர் 1894ல் கப்பல் மாலுமிகளின் தோலைப் பற்றி எழுதினார். பிரான்ஸில் துப்ரெய் என்பவர் திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களின் முகத்தைக் கவனித்தார். 1928ல் லண்டனில் ஃபிண்ட்லே எலிகள் மேல் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சி தோல் கேன்சர் வருவதைக் காட்டினார்.

நடுவில் எக்ஸ்-ரே. ரான்ட்கன் அதைக் கண்டுபிடித்தது 1895ல். நாலே வருஷத்தில், 1899ல், ஸ்டாக்ஹோமில் ஸ்டென்பெக் என்பவர் ஒரு பெண்மணியின் மூக்கிலிருந்த ரோடன்ட் அல்சரை எக்ஸ்-ரே வைத்தே ஆற்றினார். கதிரியக்கத்தால் கேன்சர் குணமானதற்கு ஆரம்பகாலச் சான்றுகளில் அது ஒன்று. சந்தோஷப்பட்டு எல்லாரும் எக்ஸ்-ரே மிஷினோடு கிளம்பினார்கள். கடைசியில் மிஷினை இயக்கினவர்களின் கையிலேயே கேன்சர் வந்தது. எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி அப்படித்தான் 1904ல் இறந்துபோனார்.

இத்தனைக்கும் அந்தப் பழைய கேள்வி அப்படியே நின்றது. எங்கே முடியுது?

*

இங்கே கொஞ்சம் நின்று பிரச்சனையைப் புரிஞ்சுக்கணும். கோரைப்புல் பிடுங்கியிருக்கீங்களா? மேலே ஒரு கொத்துதான் தெரியும். பிடுங்கிப் போட்டுட்டு திருப்தியா வீட்டுக்குள்ள போனா, நாலு நாள்ல பக்கத்துல ரெண்டடி தள்ளி முளைக்கும். மண்ணுக்குள்ள கிழங்கு எங்கெங்கே ஓடியிருக்குன்னு மேலேர்ந்து பார்த்தா தெரியாது. பேசல் செல் கட்டியும் அதே மாதிரி. வெளியே மிளகளவு முத்து. உள்ளே விரல் விட்டுப் படர்ந்திருக்கலாம், சில வகைகளில் வெளியே தெரிவதைப் போல பல மடங்கு.

சரி, வெட்டி எடுத்தாச்சு. எடுத்த துண்டின் ஓரம் சுத்தமா இருக்கான்னு லேபில் எப்படிப் பார்ப்பாங்க? பிரெட்டை ஸ்லைஸ் போடுற மாதிரி செங்குத்தா சில துண்டு போட்டு, அந்தத் துண்டுகளை மட்டும் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பாங்க. நம்ம ஊர் இட்லியை வச்சு யோசிங்க. இட்லியோட வளைஞ்ச அடிப்பாகம்தான் வெட்டின ஓரம். அந்த அடிப்பாகத்தில் எங்காவது கரி ஒட்டியிருக்கான்னு தெரியணும். அதுக்கு இட்லியை மேலேர்ந்து கீழே நாலு தடவை கத்தியால வெட்டி, வெட்டின முகத்தை மட்டும் பார்த்து 'கரி இல்லை' என்று சர்டிபிகேட் கொடுத்தா எப்படி? ரெண்டு வெட்டுக்கு நடுவுல கரி இருந்தா? இந்த முறையில் மொத்த ஓரத்தில் 1 சதவீதம் கூடக் கண்ணில் படுவதில்லை என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். நான் பிழைப்புக்கு சாப்ட்வேர் எழுதுகிறவன். நூறு ஸ்கிரீனில் ஒண்ணைத் திறந்து பார்த்துட்டு 'டெஸ்டிங் ஓவர்'னு மெயில் அனுப்பினா என்ன நடக்கும்னு எனக்கு நல்லாத் தெரியும் :-)

இட்லியின் அடித்தோலை மட்டும் முழுசா உரிச்சு, தட்டையா விரிச்சு, மொத்தத்தையும் பார்க்கலாமே என்று யோசித்தவர்தான் ஃப்ரெடரிக் மோஸ். 1910ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்தவர். 1930களின் தொடக்கத்தில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர். செலவுக்கு கய்யர் என்ற விலங்கியல் பேராசிரியரிடம் உதவியாளர் வேலை. எலிகளுக்கு வந்த கட்டிகளில் விதவிதமான ரசாயனங்களை ஊசி போட்டு, வெள்ளையணுக்கள் எப்படி ஓடி வருகின்றன என்று பார்ப்பது ஆராய்ச்சி. அதில் ஜிங்க் குளோரைடு போட்ட எலியில் ஒரு விநோதம். கட்டி செத்துப் போச்சு, ஆனா அழுகிக் குழம்பாகவில்லை. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஒவ்வொரு செல்லும் வச்ச இடத்தில் அப்படியே இருக்கு. ஃபார்மலினில் ஊறப்போட்ட மாதிரி. ஆனா உயிரோட இருக்கிற எலியின் உடம்பிலேயே!

'அட' என்று சொல்லிவிட்டு அடுத்த ஊசிக்குப் போயிருக்கலாம். மோஸ் போகவில்லை. தோல் மேலேயே இதைத் தடவி, திசுவை இருந்த இடத்திலேயே பதப்படுத்தி, அப்புறம் மெல்லிசாச் செதுக்கி எடுத்தால்? எடுத்ததின் அடிப்பக்கம் முழுசையும் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, எந்த மூலையில் கேன்சர் மிச்சம் இருக்கோ அந்த மூலையில் மட்டும் மறுபடி தடவி, மறுபடி செதுக்கினால்?

ஊசி சரிப்படாது, எவ்வளவு ஆழம் போகுதுன்னு கட்டுப்படுத்த முடியாது. களிம்பா இருக்கணும். கடைசியில் அவர் பிடித்த கலவை: ஜிங்க் குளோரைடு, கெட்டிப்படுத்த ஸ்டிப்னைட் என்ற தாதுப்பொடி (நம்ம ஊர் அஞ்சனக்கல்தாங்க அது), அப்புறம் பிளட்ரூட் என்ற வட அமெரிக்கச் செடியின் வேர்ப்பொடி. 1936ல் முதல் நோயாளி. களிம்பைத் தடவி ஒரு நாள் காத்திருப்பு. அடுத்த நாள் ஒரு சீவல். பார்ப்பது. மிச்சம் இருந்தால் மறுபடி களிம்பு, மறுபடி ஒரு நாள். ராத்திரி முழுக்க வலி வேறு. ஆனால் கட்டி திரும்ப வரவில்லை. 1941ல் 440 நோயாளிகளின் விவரத்தோடு கட்டுரை வெளியிட்டார். 'கெமோசர்ஜரி' என்று பேர் வைத்தார்.

சர்ஜன்கள் கொண்டாடினார்களா? இல்லை. முகம் சுளித்தார்கள். அதுக்கு ஒரு காரணம் இருந்தது, நியாயமான காரணமும்கூட.

இந்தக் களிம்பு ஏற்கெனவே ஊரறிந்த சரக்கு. 1850களில் வெல்டன் ஃபெல் என்ற அமெரிக்கர் லண்டனுக்குப் போய், மிடில்செக்ஸ் மருத்துவமனையில் இதே பிளட்ரூட்டும் ஜிங்க் குளோரைடும் கலந்து மார்பகப் புற்றுநோய்க்குப் பூசினவர். அமெரிக்கப் பழங்குடிகளிடம் கற்றதாகச் சொன்னார். மோஸ் விஸ்கான்சினில் வேலை செய்த அதே காலத்தில் டெக்சாஸ் மாநிலம் டல்லாஸில் ஹாரி ஹாக்ஸி என்று ஒருத்தர். டாக்டர் படிப்பு கிடையாது. அவர் கொள்ளுத்தாத்தாவின் குதிரைக்குக் கட்டி வந்து, அது மேய்ஞ்ச பச்சிலையால் குணமாச்சாம், அந்த ரகசியம் பரம்பரையா வந்ததாம். (நம்ம ஊர் பஸ் ஸ்டாண்ட் லேகிய வண்டியில் கேட்ட வசனம் மாதிரி இல்லை?) ஆயிரக்கணக்கில் நோயாளிகள் போனார்கள். அவர் களிம்பில் இருந்தது என்ன? ஜிங்க் குளோரைடு, அஞ்சனக்கல் சரக்கு, பிளட்ரூட். மோஸ் களிம்பேதான்! 1960ல் அமெரிக்க அரசு ஹாக்ஸி வைத்தியத்துக்குத் தடை போட்டது. 1967ல் ஹாக்ஸிக்கே புராஸ்டேட் கேன்சர் வந்தது. தன் மருந்து கேட்காமல் ஆபரேஷன்தான் பண்ணிக்கொண்டார். 1974ல் இறந்தார்.

ஆக ரெண்டு பேர், ஒரே களிம்பு. ஒருத்தர் நிஜ வைத்தியர், ஒருத்தர் போலி. வித்தியாசம் களிம்பில் இல்லை, அடுத்த நாள் மைக்ராஸ்கோப்பில் பார்த்தாரா இல்லையா என்பதில் இருக்கு. என்னைக் கேட்டால் இந்த மொத்த வரலாற்றிலும் முக்கியமான இடம் இதுதான். ஏன்னா ஹாக்ஸி போனாலும் களிம்பு போகவில்லை. 'பிளாக் சால்வ்' என்ற பேரில் இன்னைக்கும் இணையத்தில் விற்கிறார்கள். கெட்ட செல்லை மட்டும் தேடிப் பிடித்துத் தின்னுமாம், நல்ல தோலைத் தொடாதாம். சுத்தப் பொய். ஜிங்க் குளோரைடுக்கு நல்லது கெட்டது தெரியாது, தொட்டதை எல்லாம் பொசுக்கும். மூக்கு ஒரு பக்கம் முழுசா இழந்தவர்கள் கதை மருத்துவ இதழ்களில் படத்தோடு வந்திருக்கிறது. அதைவிட மோசம், மேலே அழகாகத் தழும்பு மூடிக்கொள்ள, அடியில் மிச்சமிருந்த கேன்சர் சத்தமில்லாமல் உள்ளே போனவர்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் போலி கேன்சர் மருந்துப் பட்டியலில் இது இருக்கு.

நம்ம ஊரிலும் மரு மேலே சுண்ணாம்பும் சோடாவும் குழைச்சு வைக்கிற வழக்கம் உண்டே. அது மருதானா என்று யார் பார்த்தது?

மோஸுக்கு வருவோம். 1953ல் கண் இமைக் கட்டி ஒன்றை எடுப்பதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். களிம்பு போட்டு நாள் கணக்கில் காத்திருந்தால் படப்பிடிப்பு முடியாது. அதனால் அடுத்த சீவலைக் களிம்பில்லாமல், மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு எடுத்து, உறைய வைத்து, உடனே பார்த்தார். வேலை செய்தது! அதன் பிறகு இமைக் கட்டிகளுக்கு அப்படியே செய்ய ஆரம்பித்தார். ஆனா மத்த இடங்களுக்கு அவர் களிம்பை விடவில்லை. சான்பிரான்சிஸ்கோவில் ட்ரோமோவிச், ஸ்டெக்மன் என்ற ரெண்டு தோல் டாக்டர்கள் 1974ல், களிம்பே வேண்டாம், குணமாவது குறையவில்லை என்று எழுதின பிறகுதான் இந்த முறை நிஜமாகப் பரவியது. அஞ்சு நாள் வேதனை அரை நாள் வேலையாச்சு. பேரும் 'மோஸ் சர்ஜரி' ஆச்சு. மோஸ் 2002 வரை இருந்து இதையெல்லாம் பார்த்தார்.

இப்ப எப்படிச் செய்யறாங்க? கட்டியைச் சுற்றி மெல்லிசா ஒரு சாஸர் மாதிரி சீவி எடுப்பாங்க. துண்டு போட்டு, எது மேற்கு எது கிழக்கு என்று தெரிய ஓரங்களில் வெவ்வேறு கலர் மை தடவி, முகத்தின் படத்தில் குறிச்சுக்குவாங்க. ஓரமும் அடியும் ஒரே மட்டத்தில் வரும்படி அமுக்கி உறைய வைத்து, அந்த மட்டத்தை முழுசாகப் பார்ப்பாங்க. மூணு மணி திசையில் மட்டும் மிச்சம் என்றால் அங்கே மட்டும் இன்னொரு சீவல். நோயாளி காத்திருப்பு அறையில் கட்டோடு பேப்பர் படிச்சுக்கிட்டு இருப்பார். வெட்டுகிறவரும் மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறவரும் ஒரே டாக்டர் என்பதுதான் இதில் விசேஷம். முதல் முறை வரும் கட்டிக்கு இதில் குணம் 99 சதவீதம் வரை சொல்கிறார்கள்.

எல்லாத்துக்கும் மோஸ் தேவையும் இல்லை. முதுகில் சின்னதா ஒண்ணு இருந்தால் சுற்றி 4 மில்லிமீட்டர் நல்ல தோலோடு சாதாரணமாக வெட்டினாலே பெரும்பாலும் போதும். 1987ல் அளந்தே காட்டியிருக்கிறார்கள். மேலோட்டமான வகைக்குச் சுரண்டிச் சுடுவது, இமிக்விமாட் களிம்பு, ஆபரேஷன் தாங்காத வயசானவர்களுக்குக் கதிர்வீச்சு என்று வழிகள் உண்டு. எதுவானாலும் பயாப்சி பார்த்துப் பேர் தெரிந்த பிறகுதான்.

நம்ம மாதிரிக் கறுத்த தோல்காரர்களுக்கு இது குறைவு. ஆனா இல்லாமல் இல்லை. வந்தால் ஒரு சிக்கலும் இருக்கு. பாடப்புத்தகத்தில் போட்டிருப்பது வெள்ளைத் தோலில் வரும் பளபளப்பான முத்து, அதன் மேல் ஓடும் சிவப்பு ரத்த நாளங்கள். நம்ம தோலில் பாதிக்கு மேல் கறுப்பாகவே இருக்கும். பார்க்க மச்சம் மாதிரி. வயசான காலத்தில் புதுசாக வந்து, ரத்தம் கசிஞ்சு, பொறுக்கு தட்டி, ஆறின மாதிரி இருந்து மறுபடி கசியும் 'மச்சம்' என்றால் தோல் டாக்டரிடம் காட்டுவதுதான் முறை. ஜேக்கப் சொன்ன அதே குணம்தான், வலிக்காது. வலிக்காததால்தான் ஜனங்க வருஷக்கணக்கில் காட்டுறதில்லை.

*

தலைப்பில் ஆட்டுக்குட்டி இருக்கே, அது எங்கே என்கிறீர்களா? வந்தாச்சு.

1957ல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஆடு வளர்க்கிறவர்கள் அரசாங்கத்திடம் முறையிட்டார்கள். மலைமேய்ச்சலுக்குப் போன ஆடுகள் ஒற்றைக் கண்ணோடு குட்டி போடுது. நெற்றி நடுவில் ஒரே ஒரு கண். மூளை ரெண்டாப் பிரியவே இல்லை. விவசாயத் துறையிலிருந்து லின் ஜேம்ஸ் என்ற விஞ்ஞானி மூணு கோடைகாலம் மந்தையோடு மலையிலேயே தங்கி, ஆடு எதை மேயுது என்று பார்த்தார். பதினோரு வருஷம் பிடித்தது. குற்றவாளி கார்ன் லில்லி என்ற செடி. தாய் ஆடு சினைப்பட்ட 14ஆம் நாள் அதைத் தின்றால் குட்டிக்கு ஒற்றைக் கண். 1968ல் ரிச்சர்ட் கீலர் அதிலிருந்த விஷத்தைப் பிரித்தெடுத்தார். ஒற்றைக் கண் அரக்கன் சைக்ளாப்ஸ் நினைவாக 'சைக்ளோபமின்' என்று பேர். சினை ஆடுகளை அந்தச் சமயத்தில் அந்தப் பக்கம் விடாதீங்க என்று சொன்னதோடு விஷயம் முடிஞ்சது. அந்த விஷம் முப்பது வருஷம் சும்மா கிடந்தது.

இன்னொரு பக்கம், ஜெர்மனியில் ஹைடல்பெர்க். நூஸ்லைன்-ஃபோல்ஹார்ட், வீஷாஸ் ரெண்டு பேரும் பழ ஈயின் மரபணுக்களை ஒவ்வொன்றாகக் கெடுத்து என்ன ஆகுதுன்னு பார்த்தார்கள். ஒரு மரபணு கெட்டால் புழு உடம்பெல்லாம் முள்ளா வந்தது. முள்ளெலி மாதிரி இருந்ததால் 'ஹெட்ஜ்ஹாக்' என்று பேர். அந்தக் கட்டுரை வந்தது 1980ல், நோபல் 1995ல். 1993ல் முதுகெலும்புள்ள பிராணிகளிலும் இந்த மரபணு மூணு வகை இருப்பது தெரிந்தது. ரெண்டுக்கு நிஜ முள்ளெலி இனங்களின் பேர். மூணாவதுக்கு சேகா வீடியோ கேம் ஹீரோ 'சோனிக் ஹெட்ஜ்ஹாக்' பேர்! சின்ன வயசில் அந்த கேமை ஆடினவன் என்ற முறையில் எனக்கு இதில் பரம சந்தோஷம். ஆனா 'உங்க குழந்தைக்கு சோனிக் ஹெட்ஜ்ஹாக் கெட்டுப் போயிருக்கு' என்று பெற்றோரிடம் சொல்ல வேண்டிய டாக்டர்களுக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை. 1996ல் எலியில் இந்த மரபணுவை எடுத்துப் பார்த்தால், ஒற்றைக் கண் எலிக்குட்டி.

மூணாவது பக்கம். 1960ல் அமெரிக்காவில் கார்லின், கோல்ட்ஸ் என்ற ரெண்டு டாக்டர்கள் ஒரு பரம்பரை நோயை விவரித்தார்கள். இளவயசிலேயே பத்து, நூறு என்று பேசல் செல் கட்டிகள் வரும், தாடையில் நீர்க்கட்டி, விலா எலும்பில் கோளாறு. 1996ல் அந்தக் குடும்பங்களில் கெட்டிருக்கும் மரபணு கிடைத்தது. பேர் 'பேட்ச்ட்'. ஹெட்ஜ்ஹாக்குக்கு பிரேக் போடுகிற மரபணு! சாதாரணமாக வெயிலால் வரும் கட்டிகளைப் பார்த்தால், பெரும்பாலானவற்றில் இதே பாதைதான் கெட்டிருந்தது.

என் பாஷையில் சொன்னால், ஹெட்ஜ்ஹாக் என்பது கருவில் உடம்பைக் கட்டுவதற்கான இன்ஸ்டாலேஷன் புரோகிராம். கட்டி முடித்ததும் பெரும்பாலும் ஆஃப் ஆயிடணும். 'பேட்ச்ட்' அந்த ஸ்விட்ச் மேலே கை வைத்து அமுக்கிப் பிடிச்சிருக்கு. வெயில் அந்தக் கையை உடைத்துவிட்டால், எழுபது வயசு மூக்கில் இன்ஸ்டாலேஷன் மறுபடி ஓட ஆரம்பிக்குது. அதுதான் கட்டி.

1998ல் மூணு கதையும் ஒண்ணா முட்டியது. ஐடஹோ செடியின் விஷம் செய்வது ஹெட்ஜ்ஹாக் பாதையை அடைப்பதுதான். அப்படின்னா கருவில் அடைத்தால் ஒற்றைக் கண், கட்டியில் அடைத்தால் மருந்து! சைக்ளோபமினையே மருந்தாகக் கொடுக்க முடியவில்லை. அதே இடத்தில் போய் உட்காரும் வேறொரு மூலக்கூறைச் செயற்கையாகத் தேடிப் பிடித்தார்கள். விஸ்மோடெகிப். 2012 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி. 2015ல் இன்னொன்று, சோனிடெகிப். (பேரில் சோனிக் ஒளிஞ்சிருக்கானோ?)

இது ஓரம் தேடி வெட்டும் நிலையைத் தாண்டிப் போனவர்களுக்கான மாத்திரை. கண் குழி வரைக்கும் போனது, வெட்டினால் பாதி முகம் போகும் என்பது, அபூர்வமாக உள்ளுறுப்புக்குத் தாவினது. அனுமதிக்கு ஆதாரமான ஆய்வில் இருந்த இடத்திலேயே பெரிதாகப் படர்ந்த கட்டிகளில் 43 சதவீதம் பேருக்கும், தாவினவற்றில் 30 சதவீதம் பேருக்கும் கட்டி சுருங்கியது. அதுவரை கையை விரித்த இடத்தில் இது பெரிய விஷயம். ஆனா லேசான மருந்து இல்லை. தசைப்பிடிப்பு, முடி கொட்டுவது, நாக்கில் ருசியே போய்விடுவது. தாங்க முடியாமல் பாதியில் நிறுத்துகிறவர்கள் நிறைய. நிறுத்தினால் கட்டி திரும்ப வருவதும் உண்டு. இதுவும் கேட்காதவர்களுக்கு 2021ல் செமிப்ளிமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்து வந்திருக்கு.

விஸ்மோடெகிப் மருந்துப் பெட்டியோடு வரும் எச்சரிக்கை கறுப்புக் கட்டம் போட்டது. கர்ப்பிணிகள் சாப்பிடவே கூடாது. கர்ப்பம் இல்லை என்று டெஸ்ட் எடுத்த பிறகே பெண்களுக்கு ஆரம்பிப்பார்கள், நிறுத்தின பிறகும் 24 மாதம் கருத்தரிக்கக் கூடாது. ஆண்களுக்கும் ஆணுறை கட்டாயம். மாத்திரை சாப்பிடும் காலத்திலும் அதன் பிறகு 24 மாதத்துக்கும் யாரும் ரத்த தானம் செய்யக் கூடாது. அந்த ரத்தம் போய்ச் சேரும் ஆள் ஒரு கர்ப்பிணியாக இருக்கலாம், கருவுக்கு அது என்ன நாளோ யாருக்குத் தெரியும்.